நாற்காலி ஈரமாக இருந்தது

1

பரவை மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது வருடம் ஆகியும், திருப்பிய விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிட்டது. அன்னக்கொடி. ஜோதி சலூன் வைத்திருந்த சோணைமுத்துவின் மனைவி. 1987, தை மாதம், ஒரு வியாழக்கிழமை. இந்தக் கதை தொடங்கியது அங்கேதான்.

நான் அவளிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். அவள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொன்னாள். அந்தப் பதிலைக் கடைசியில்தான் சொல்லப்போகிறேன். இப்போதே சொன்னால், இதற்குமேல் ஒரு வரியும் எழுதாதே என்று நீங்களே தடுத்துவிடுவீர்கள்.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். வழக்கம்போல் பிள்ளையார் சுழி போட்டேன். இந்தப் பாவத்தை அவர் தலையில் ஏன் ஏற்ற வேண்டும் என்று தோன்றியது. சுழியை அடித்தேன். முப்பது வருடமாக எழுதுகிறேன், அதை அடித்தது இதுவே முதல் தடவை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"நாகமலையின் மடியில் உறங்கும் எழில் கொஞ்சும் மலையூர் அது."

வேண்டாம். மலையூர் என்றதும் நீங்கள் பனியையும் தேயிலையையும் நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் மலை வெறும் பாறை. சித்திரை மாதத்தில் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இருட்டிய பிறகு ஊருக்குள் திருப்பி அனுப்பும். ஒரு கடைத்தெரு, ஒரு நடுநிலைப் பள்ளி, இரண்டு அரிசி ஆலை, நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. மதுரைக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்தப் பள்ளியில் பதினோரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தேன்.

[ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொல்லாமல் எழுதக் கற்றுக்கொள்வதற்கு ஒரு குடும்பத்தைச் செலவழித்திருக்கிறேன்.]

இரண்டாவது தொடக்கம்:

"ஜோதி சலூனின் வரலாறு ஒரு நாற்காலியின் வரலாறு."

இது கொஞ்சம் தேவலை. சோணைமுத்துவின் அப்பா வெள்ளைத்துரைக்குக் கடை கிடையாது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். சவரம் செய்துகொள்கிறவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். வெள்ளைத்துரை தரையில் குத்தவைத்து, கையை மேலே தூக்கி மழிப்பார். அறுவடை முடிந்தால் களத்தில் நெல் போடுவார்கள். கூப்பிட்டால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓட வேண்டும்.

சோணைமுத்து அப்படி ஓட மறுத்தார். மதுரை செல்லூரில் மாமன் கடையில் நான்கு வருடம் தொழில் பழகினார். 1969-இல் ஊருக்குத் திரும்பியபோது நெல் லாரியின்மேல் ஒரு சுழல் நாற்காலியும் அவரோடு வந்தது. தோல் வியாபாரி சேக் இஸ்மாயில் பாய் தன்னுடைய பழைய தோல் கிடங்கின் முன்னறையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தும் மழை பெய்தால் சுவரிலிருந்து ஆட்டு வாசம் வரும்.

"சோணைகிட்ட கிராப்பு வெட்டிக்கிட்டு வந்தா பொண்டாட்டி கிட்ட வரமாட்டேங்கிறா, மாப்ள. கெடாதான் பின்னாடியே வருது" என்று கேலி பேசினார்கள். பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். சோணைமுத்து நின்றுகொண்டு வேலை பார்த்தார். அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. எல்லாரும் அவரிடம் வந்தார்கள். சலூன் என்றால் அவருக்கு அதுதான்.

'எல்லாரும்' என்று எழுதிவிட்டேன். அது தவறு. ஓடைக்கு அந்தப் பக்கத்தவர்கள் வர முடியாது. பலகையில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் காலனி ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் மதுரைக்குப் போவார்கள். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. முடி வெட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் திரும்பி வருவார்கள். கண்டக்டர் அந்த நடைக்கு 'கிராப்பு வண்டி' என்று பெயர் வைத்திருந்தார். நானும் அதற்குச் சிரித்திருக்கிறேன்.

3

1977, ஐப்பசி. மூன்று நாளாக மழை. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மின்சாரம் இல்லை. சோணைமுத்து அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். இடது கன்னம் முடிந்துவிட்டது, வலது கன்னத்தில் சோப்பு நுரை. கிடங்குப் பக்கத்துப் பின்கதவை யாரோ தட்டினார்கள்.

"அண்ணே."

"யாரது?"

"காளைண்ணே. காலனிக் காளை."

சோணைமுத்து கதவைத் திறந்தார். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு காளை நின்றான். ஊர்ப் பெரியவர் முத்திருளனின் வயலில் கூலி வேலை செய்கிறவன். முப்பது வயதிருக்கும். இரண்டு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தான். காதையெல்லாம் முடி மூடியிருந்தது.

"மதுரையில ஒரு மில்லுல வாச்மேன் வேலைக்கு வரச்சொல்லி கார்டு போட்டிருக்காகண்ணே. நாளைக் காலையில ஒம்பது மணிக்கு. மதுரை ரோட்டுப் பாலத்துல தண்ணி போகுது, பஸ் இல்ல. விடியக்காலம் மலையேறி அந்தப் பக்கம் இறங்கி நடந்துருவேன். இந்த மண்டையோட போயி நின்னா, என்னையப் புடிக்கத்தான் வாச்மேன் வேணும்பாக."

சோணைமுத்து சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒருவனை விரட்டுவது கஷ்டம்.

"கத்திரிய மட்டும் குடுங்கண்ணே. இங்கனயே நின்னு நானே வெட்டிக்கிறேன்."

"உம் பொடனிய நீ எப்படிறா வெட்டுவ? உள்ள வா."

என் பக்கம் திரும்பினார். "சார், செத்த எந்திரிச்சு அந்தப் பெஞ்சுல உக்காருங்க. அஞ்சு நிமிசம்."

எழுந்தேன். அவர் முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். காளை தரையில் உட்காரப் போனான்.

"கீழ உக்காந்தா நான் குனியணும். எனக்கு முதுகு புடிக்கும். ஏறு மேல."

காளை நாற்காலியின் விளிம்பில், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவன் மாதிரி உட்கார்ந்தான். சோணைமுத்து அவன் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார். "சார், அந்த அரிக்கேனக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்றார். பிடித்தேன். கத்திரிச் சத்தமும் மழைச் சத்தமும்தான் கேட்டன. வெட்டி முடித்துப் பவுடர் டப்பாவை எடுத்தபோது காளை பதறினான்.

"பவுடர் வேண்டாம்ணே. வாசத்த வச்சுக் கண்டுபுடிச்சிருவாக."

சோணைமுத்து டப்பாவைக் கீழே வைத்தார். வெறுந்துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டார். காளை கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு அதே கண்ணாடியில் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான்.

"சாரும் இருந்தீகளா..."

"சாரு நம்மாளுதான்" என்றார் சோணைமுத்து. "நீ போ. பாறை வழுக்கும், பார்த்து ஏறு."

இந்தக் காட்சியை இங்கே நிறுத்துகிறேன். பத்திரிகையில் இதை எழுதியபோதும் ஏறக்குறைய இங்கேதான் நிறுத்தினேன். இதற்குப் பிறகு நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு வருவேன். தள்ளிப்போடுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

4

அப்போது மதுரையிலிருந்து ஒரு சின்ன பக்தி மாத இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் 'கண்ணால் கண்ட நன்மை' என்று ஒரு பக்கம் நான் எழுதிவந்தேன். சில்லறையைத் திருப்பிக் கொடுத்த ஆட்டோக்காரர், குருடருக்கு வழி காட்டிய சிறுமி, இப்படி. உலகத்தைத் தாங்குவது இந்தச் சின்னச் சின்ன நல்ல காரியங்கள்தான் என்று நம்பினேன். இன்னும் நம்புகிறேன். என்னுடைய கஷ்டமே அதுதான்.

"பேரும் ஊரும் போடுங்க சார். அப்பத்தான் வாசகர் நம்புவாங்க" என்பார் ஆசிரியர். போட்டேன். சோணைமுத்துவின் பெயர், காளையின் பெயர், கடையின் பெயர், ஊர், கிழமை. நான் விளக்குப் பிடித்ததையும் எழுதினேன். அதற்கு இரண்டு வரி.

[அந்தக் கட்டுரையில் சோணைமுத்து, "மயிரில் ஏது சாதி? மனிதரில் ஏது பேதம்?" என்று கேட்கிறார். அவர் அப்படிக் கேட்கவில்லை. குனிந்தால் முதுகு பிடிக்கும் என்றுதான் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.]

கட்டுரை மாசி மாத இதழில் வந்தது. இரண்டு பிரதி அனுப்பியிருந்தார்கள். ஒன்றைப் பூஜை அறையில் வைத்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஜோதி சலூனுக்குப் போனேன். சோணைமுத்து எதிரே டீக்கடையில் வெந்நீர் வாங்கப் போயிருந்தார். பிறகு பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, பெஞ்சில் கிடந்த பேப்பர்களுக்கு மேலே, அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வரியை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் வைத்தது நான்தான்.

5

அடுத்த காட்சியில் நான் இல்லை. இஸ்மாயில் பாய் பின்னால் எனக்குச் சொன்னது.

அன்று மத்தியானம் முத்திருளன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஊரில் பெரிய கை, ஊர் கூடும் மந்தையில் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. சோணைமுத்து அவர் தொண்டையில் கத்தி வைத்து மேல்நோக்கி மழித்துக்கொண்டிருந்தார். பாய் ஒரு ஓரத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். முறைக்காகக் காத்திருந்த கருத்தக்கண்ணன் என்ற இளவட்டம் பெஞ்சில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினான்.

"பெரியப்பா, நம்ம ஊரு பேரு புஸ்தகத்துல வந்திருக்கு!"

"என்னடா போட்டிருக்கு? சத்தமாப் படி."

அவன் படித்தான். என்னுடைய நீண்ட வாக்கியங்களைத் தடுக்கித் தடுக்கிப் படித்தான். "சோணைமுத்து என்னும் அன்பர்" என்ற இடத்தில், "யோவ் சோணை, நீ அன்பராம்ல!" என்று சிரித்தான். காளையின் பெயர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. ஆனாலும் அடுத்த இரண்டு வரியைப் படித்துவிட்டான். ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியவில்லை.

கத்தி முத்திருளனின் தொண்டையிலேயே இருந்தது. சோணைமுத்துவின் கை ஆடவில்லை என்று பாய் சொன்னார். மிச்சமிருந்த நுரையையும் மழித்து, துண்டால் ஒற்றி, படிகாரம் தடவி, "முடிஞ்சதுங்கய்யா" என்றாராம். முத்திருளன் எழுந்தார். நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். இறங்கிப் போனார்.

6

பங்குனியில் மந்தையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

[முத்திருளனைக் கெட்டவராக எழுத மூன்று தரம் முயன்றேன். கண்ணைச் சிவக்க வைத்தேன், மீசையை முறுக்க வைத்தேன். அவர் உண்மையில் அப்படி இல்லை. என் பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர். அன்றைக்கு அந்த மந்தையில் ஒரு வழியைத் திறந்துவைத்தவரும் அவர் ஒருவர்தான்.]

"ஏய் சோணை, இதுல எழுதியிருக்கது நெசமா?"

"இல்லைங்கய்யா. சாரு சும்மா கட்டி எழுதுன கதைங்க. புஸ்தகத்துல அப்படித்தான எழுதுவாக."

"வாத்தியாருக்குக் கதை கட்ட வேற ஆளே சிக்கலையாக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள். முத்திருளன் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க படிச்சவுக. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. கதைதான்னு சொன்னீகன்னா துண்டை உதறிட்டு எந்திரிச்சிருவோம். கடைய அடைக்கச் சொல்லி நாளு அம்புட்டாச்சு, எனக்கும் தாடி அரிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் கலையத் தயாராகத்தான் இருந்தது. நடந்தது உண்மை என்று முத்திருளனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். சோணைமுத்து என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அன்னக்கொடி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன்.

"நான் பொய் எழுதுவதில்லை" என்றேன்.

மீனாட்சியம்மன் சன்னதியில் செய்திருந்த சத்தியம் அது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கருணையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். மழை எல்லார் வீட்டுக் கூரையிலும் ஒன்றுபோலப் பெய்கிறது என்றேன். யாரும் குறுக்கே பேசவில்லை. மனம் இளகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரிங்க சார், உக்காருங்க" என்றார் முத்திருளன். பிறகு, "என்ன சோணை, சாரு பொய் சொல்ல மாட்டாராம். அப்பப் பொய் சொன்னது நீதான?"

நாற்காலியை மந்தையில் வைத்துக் கொளுத்த வேண்டும், ஊர் முன்னால் விழுந்து எழ வேண்டும், புது நாற்காலி போட்டு மறுபடி கடை நடத்திக்கொள்ளலாம். இதுதான் தீர்ப்பு. சோணைமுத்து முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"விழுந்து எந்திரிக்கிறேங்கய்யா. நாற்காலியக் குடுக்க மாட்டேன்."

அந்தக் கடைக்கு இனி யாரும் போகக் கூடாது என்று எழுந்தார்கள். காளைக்கு ஊரில் யாரும் வேலை கொடுக்கக் கூடாது என்றும் முடிவானது. அவன் கைப்பிள்ளையோடும் பெண்டாட்டியோடும் அந்த வாரமே ஆனையூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.

7

இப்போது பாக்கியைச் சொல்ல வேண்டும். இரண்டு பாக்கி.

முதலாவது. என் கட்டுரை இப்படி முடிந்திருந்தது: "மறுநாள் அந்த இளைஞருக்கு வேலை கிடைத்தது. செய்த நன்மை வீண் போகாது." நான் அவனிடம் கேட்கவே இல்லை. கட்டுரைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது, எழுதிவிட்டேன். மந்தையில் எழுந்து நின்றபோது அந்த வரி என் ஞாபகத்தில் இல்லை. காளை மலையில் வழுக்கி விழுந்து, முழங்கால் கிழிந்து, மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை என்று பிற்பாடு பாய் சொன்னார். கேட்டைத் திறக்கவில்லையாம்.

பொய் எழுதாதவன் அச்சில் ஒரு பொய் எழுதிவிட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் நின்றிருக்கிறேன்.

இரண்டாவது. அந்த மழைச் சாயங்காலம் காளை போன பிறகு சோணைமுத்து என்னை நாற்காலிக்குக் கூப்பிட்டார்.

"வாங்க சார், மிச்சத்த முடிச்சிருவோம்."

நான் நாற்காலியைப் பார்த்தேன்.

"நாற்காலி ஈரமா இருக்கே" என்றேன்.

அவர் தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து, உட்காரும் இடத்தை, முதுகு சாயும் இடத்தை, இரண்டு கைப்பிடியை, எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தார்.

"இப்ப ஈரமில்ல சார்."

"இல்ல சோணை, நேரமாச்சு. நாளைக்கு வாரேன்."

பாதி முகத்தில் நுரையோடு மழையில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வலது கன்னத்தை நானே பிளேடால் மழித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. சோணைமுத்து இதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மந்தையில் சொல்லியிருக்கலாம். "சாரே எந்திரிச்சுப் போயிட்டாரு" என்று ஒரு வாக்கியம் போதும், என் பிரசங்கம் அங்கேயே செத்திருக்கும். அவர் எனக்குச் செய்த சின்ன நன்மை அது. 'கண்ணால் கண்ட நன்மை'யில் நான் எழுதாமல் விட்ட ஒன்று.

அப்படியென்றால் கட்டுரையை ஏன் எழுதினேன்? அந்த நாற்காலியில் உட்கார முடியாதவன், பேனாவை எடுத்து விளக்குப் பிடித்தவனாக மாறிக்கொண்டேன். இதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

8

சோணைமுத்து தினமும் காலையில் கடையைத் திறந்தார். தண்ணீர் தெளித்தார். கண்ணாடியைத் துடைத்தார். கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். யாரும் வரவில்லை. நானும் போகவில்லை.

சேக் இஸ்மாயில் பாய் மட்டும் போனார். பாய்க்கு நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, தலை வழுக்கை. கத்தரிப்பதற்கு மீசையில் ஒரு கோடு இருந்தது, அவ்வளவுதான். தினமும் எட்டு மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

"மீசைய வெட்டு."

"நேத்துத்தான வெட்டுனேன், பாய்."

"ராத்திரி வளந்துருச்சு."

"ஒண்ணும் காணோமே, பாய்."

"உனக்குக் கண்ணு மங்கிருச்சு. கத்திரிய மட்டும் ஆட்டு, சத்தம் வந்தாப் போதும்."

வெறும் கத்திரி காற்றில் ஆடும் சத்தம் கடைத்தெருவுக்குக் கேட்டது. இதை நான் கேட்டிருக்கிறேன். பள்ளிக்குப் போகும்போது எதிர்ப்பக்கமாக நடந்து போனபடி கேட்டிருக்கிறேன்.

ஐந்து மாதம். பிறகு ஊரார் பாயின் கிடங்குக்குத் தோல் கொண்டுவருவதையும் நிறுத்தினார்கள். ஒரு காலையில், கத்திரியைக் கீழே வைத்துவிட்டு சோணைமுத்து சொன்னாராம்: "நாளைக்கு வராதீங்க, பாய்."

"ஏன், எம் மீசைக்கு என்ன குறை?"

"வராதீங்க, பாய்."

பாய் அழுததாகச் சொல்லவில்லை. நான் அவரை அழ வைக்கவும் போவதில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் கடை திறக்கவில்லை. நாற்காலியும் இல்லை. தரையில் அதன் நான்கு கால் தடம் மட்டும் இருந்ததாம். அதற்குள் நான் மாற்றல் வாங்கிக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டேன்.

9

முடிவு எழுத வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. செல்லூரில் தறிச் சத்தம் நிறைந்த ஒரு சந்து. பெயர்ப்பலகை இல்லாத சின்ன சலூன். உள்ளே அதே நாற்காலி. யார் வந்தாலும் சோணைமுத்து, "உக்காருங்கண்ணே" என்கிறார். ஒரு நாள் காளை வருகிறான். இந்த முறை கழுத்துக்குப் பவுடர் போடுகிறார். அரைப் பக்கம் ஆசையோடு எழுதினேன். மறுநாள் படித்தபோது 'அவருக்கு வேலை கிடைத்தது' என்ற வரியை எழுதிய அதே கை தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

ஆ. முத்திருளன் சாகிறார். பிணத்துக்குச் சவரம் செய்ய ஆள் இல்லை. ஊர் சோணைமுத்துவைத் தேடிப் போய்க் கும்பிடுகிறது. அவர் வந்து, நடுங்காத கையோடு மழிக்கிறார். கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் முத்திருளன் உயிரோடு சௌக்கியமாக இருக்கிறார். ஊரில் இப்போது சலூன் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி பஸ்ஸில் ஓடையின் இரண்டு பக்கத்தவரும் மதுரைக்கு முடி வெட்டிக்கொள்ளப் போகிறார்கள். சிம்மக்கல்லில் ஏதோ ஒரு கடையில், காளையின் சொந்தக்காரன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அதே நாற்காலியில் முத்திருளன் சாய்ந்துகொள்கிறார். யாரும் அதைக் கொளுத்தவில்லை. இதை நான் கற்பனை செய்யவில்லை.

இ. ஒரு விடியற்காலையில் அன்னக்கொடி கிணற்றடிக்குப் போனபோது சோணைமுத்துவின் செருப்பு மட்டும்

இல்லை. இதை முடிக்க மாட்டேன்.

10

அன்னக்கொடியிடம் கேட்ட கேள்விகள் இவை: "சோணைமுத்து எப்படி இருக்கார்?" "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

அவள் பொறுக்கிவைத்திருந்த கத்தரிக்காய்களைக் கூடையிலேயே திரும்பக் கொட்டினாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"எங்களப் பத்தி எதும் எழுதிராதீங்க, சார். நல்லதாக்கூட எழுதிராதீங்க."

கூட்டத்துக்குள் போய்விட்டாள். அவள் நெற்றியில் பொட்டு இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தேன். சொல்ல மாட்டேன்.

அவள் அவ்வளவு சொல்லியும் ஏன் எழுதினேன்? மந்தையில் என்னிடம் கேட்ட ஒரு வார்த்தை ஒன்பது வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. அதை அச்சில்தான் சொல்ல முடியும், கெடுத்ததும் அச்சில்தான். இந்த முறை சத்தியத்தை மீறுகிறேன், மீனாட்சியம்மன் மன்னிக்கட்டும். ஐயா முத்திருளன் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, அது கதைதான். நான் கட்டியது. ஜோதி சலூன் என்று ஒரு கடை இல்லை. காளை என்று ஒருவன் மழையில் வரவில்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்தது பரவையில் இல்லை, அவள் வாங்கியது கத்தரிக்காயும் இல்லை. பெயர்கள் எல்லாம் பொய்.

போதுமா என்று தெரியவில்லை. அவர்கள் எங்கேயோ, தங்களைத் தெரியாத மனிதர்களுக்கு நடுவில் இருக்கிறார்கள். இருந்தால். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

பத்திரிகைகள் பழசானால் சலூன் பெஞ்சுக்குத்தான் போய்ச் சேரும். இதுவும் போகும். ஒரு நாள் நீங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது இந்தப் பக்கம் உங்கள் கையில் கிடைக்கலாம். தயவுசெய்து சத்தமாகப் படிக்காதீர்கள். உங்கள் முறை வந்து, கழுத்தில் துணி சுற்றியபின், பின்னால் நிற்கிறவர் முதுகு பிடிக்காமல் நிமிர்ந்து நின்றுகொண்டு, "என்ன சார், அம்புட்டு மும்முரமாப் படிச்சீங்க?" என்று கேட்டால், கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடாதீர்கள்.

"நெசமா நடந்ததா, சார்?" என்று அவர் மறுபடி கேட்கக்கூடும். கத்திரி நின்றிருக்கும்.

அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.